ரத்தத்தின் கதை – 7: நுனிக் குழாய்களில் ஓர் அடைப்பு

போன வாரம் நோயில் விழுந்த ஒரு பெண்ணின் கட்டிலருகே கதையை நிறுத்தியிருந்தேன். ‘பிழைத்தாளா?’ என்றுதானே இத்தனை நாளும் காத்திருந்தீர்கள்?

பிழைக்கவில்லை.

வயது 16. கையில் வலி, காய்ச்சல், வெளிறிய முகம், தோலில் குண்டூசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். அப்புறம் ஒரு பக்கம் விழுந்தது. நினைவு தப்பியது. எல்லாம் இரண்டு வாரத்துக்குள்.

நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனை. மருத்துவர் எலை மோஷ்கோவிட்ஸின் முன்னால் இப்போது மிச்சம் இருப்பவை அவளுடைய உறுப்புகளிலிருந்து சீவியெடுத்த திசுக்கள்தாம். ‘ஏதோ கிருமிக் காய்ச்சல்’ என்று எழுதி முடித்திருக்கலாம். அன்று காய்ச்சலில் சாவது புதிதா என்ன? ஆனால் வெளிறல், புள்ளிகள், வாதம் மூன்றையும் ஒரு கிருமியின் தலையில் கட்ட அவருக்கு மனம் வரவில்லை.

நுண்ணோக்கியில் குனிந்தார்.

சிறுநீரகத்துக்குள் மெல்லிய ரத்தக்குழாய்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். ஒரு சிறுநீரகத்தில் மட்டும் சுமார் 10 லட்சம் கண்டுகள். ரத்தம் வடிகட்டப்படுவது அங்கேதான். அந்த இழைகளுக்குள் வழி இருக்க வேண்டும்.

இல்லை.

பளபளவென்று, உள்ளே எந்த அமைப்பும் தெரியாத, சாயத்தில் இளஞ்சிவப்பாகிப்போன சின்னச் சின்ன அடைப்புகள். இதயத் தசையைப் பார்த்தார். அங்கும் அதே. தமனிகள் முடிகிற நுனிக் குழாய்களாகப் பார்த்து அடைத்திருந்தது.

ஒரே நோய். உடம்பெங்கும் ஒரே வேலை!

1925இல் கட்டுரை வெளியிட்டார். தலைப்பிலேயே, இதுவரை யாரும் விவரிக்காத நோய் என்றார். ஒரே ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சிவப்பணுக்களை ஒட்டவும் வைத்து உடைக்கவும் செய்கிற வலுவான விஷம் ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம்.

பாதி தவறு. அந்த அடைப்புகளில் இருப்பவை சிவப்பணுக்கள் அல்ல, தட்டணுக்கள் என்ற கருத்து 1936இல் வந்தது. டெங்கு வந்தால் ‘எத்தனை ஆயிரம்?’ என்று நாம் பதறிக் கேட்கிறோமே, அதே தட்டணுக்கள். அவை குழாய் நுனிகளில் திரண்டு நிற்பதால், ரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது. இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. அவளுடைய முகம் வெளிறியதன் காரணம் அதுதான்.

சரி, அந்த விஷம்?

1960இல் மருத்துவர் இர்விங் ஷுல்மன் ஒரு சிறுமியைப் பற்றி எழுதினார். அவளுக்கும் தட்டணுக்கள் அடிக்கடி சரிந்தன. அவளையும் மோஷ்கோவிட்ஸின் நோயாளியையும் அன்று யாரும் சேர்த்து யோசிக்கவில்லை. வேறொருவரின் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, ஏற்றினார்கள். தட்டணுக்கள் ஏறின. நாளாக ஆக இறங்கின. மறுபடி பிளாஸ்மா. மறுபடி ஏறின.

ரத்தத்தில் விஷம் இருந்தால் அதை எடுக்க அல்லவா வேண்டும்? கொடுத்தால் எப்படிச் சரியாகும்?

அந்தப் பிளாஸ்மாவில் ஏதோ ஒன்று இருந்தது. அவள் ரத்தத்தில் இல்லாத ஒன்று!

(தொடரும்)