முற்றத்துக்கு வந்த கலப்பினக் கோழி: ஒரு வரலாற்று நோக்கு

மேலைநாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் இன்று மிகுதியாகக் காணப்படும் முட்டைக்கோழி, செம்பழுப்பு நிறமுடைய ஒரு கலப்பினப் பேடாகும். ஐசா பிறவுன், லோமன் பிறவுன், ஹைலைன் பிறவுன் எனப் பல வணிகப் பெயர்களால் அது வழங்கப்படுகின்றது. முட்டையிடத் தொடங்கிய முதலாண்டில் ஏறத்தாழ 300 முட்டைகளை அது இடுகின்றது. ஆளைக் கண்டு விலகாது அருகே வந்து நிற்கின்றது. சிறுவர் கையிலெடுத்தாலும் பொறுத்துக்கொள்கின்றது. ஆயின், அது அடைகாப்பது அரிது. அதன் முட்டையைப் பிறிதொரு கோழியின் கீழ் வைத்துப் பொரிக்கச் செய்தாலும், பிறக்கும் குஞ்சுகள் தாயின் சிறப்பை அப்படியே பெறுவதில்லை. முட்டை மிகுதி, சாதுத்தன்மை, தன் வர்க்கத்தைத் தானே தொடரவியலாமை ஆகிய மூன்றும் ஒரு பறவையில் ஒருங்கே அமைந்தமை தற்செயலன்று. மூன்றும் ஒரே வரலாற்றின் விளைவுகளாம். அவ்வரலாற்றில் வீடு பெற்றது யாது, இழந்தது யாது என்பதை இக்கட்டுரை நோக்குகின்றது.

பழைய முற்றத்துக் கோழி

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை தென்கிழக்காசியாவின் செங்காட்டுக்கோழி என்பது இன்று உறுதிப்பட்டுள்ளது. 2022 இல் வெளியான ஓர் ஆய்வு, ஐயத்துக்கிடமற்ற வீட்டுக்கோழி என்புகளுள் மிகப் பழையவை மத்திய தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னுமிடத்துக்குரியவை எனவும், அவற்றின் காலம் கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டது எனவும் காட்டிற்று. நெற்செய்கை பரவியபோது வயலோரத் தானியத்தை நாடிக் காட்டுக்கோழி மனிதனை அணுகியது என அவ்வாய்வாளர் கருதுவர். தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழிக்கும் இதிற் பங்குண்டு. இன்றைய கோழிகளின் மஞ்சட்காலுக்குரிய பரம்பரையலகு அதனிடமிருந்தே வந்தது என 2008 இல் நிறுவப்பட்டது. எனவே, மேலைநாட்டுத் தோட்டத்தில் மேயும் மஞ்சட்காற் கலப்பினக் கோழியிலும் தென்னிந்தியக் காட்டின் ஒரு கூறு உளது.

காட்டுக்கோழி ஆண்டில் ஒரு சில முட்டைகளையே இட்டு, அவற்றை அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது. வீட்டுக்கு வந்த பின்னரும் நெடுங்காலம் இவ்வொழுங்கு முற்றாக மாறவில்லை. பத்துப் பன்னிரண்டு முட்டை, மூன்று வார அடை, பின்னர் குஞ்சுகளோடு திரியும் காலம் என அதன் ஆண்டு கழிந்தது. முட்டை குறைவு என்பது மெய்யே. ஆயினும் உணவும் வித்தும் ஒரே கூட்டில் இருந்தன. எதை உண்பது, எதை அடைவைப்பது என்பதை வீட்டுப் பெண்ணே தீர்மானித்தாள். பிரித்தானியாவிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பண்ணைவீட்டுக் கோழி பெரும்பாலும் பெண்களின் பொறுப்பிலேயே இருந்தது. முட்டை விற்ற காசும் அவர்கள் கையில் நின்ற சிறு வருவாயாக அமைந்தது.

கண்காட்சியும் பண்ணையும்

1842 இன் நான்கிங் உடன்படிக்கையின் பின்னர் சீனத் துறைமுகங்கள் மேலைநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. அங்கிருந்து வந்த பேருருவக் கோழிகள் பெரும் வியப்பை விளைத்தன. சீனத்துக்குரியவையாயினும் 'கொச்சின்' எனப் பெயர்பெற்ற இப்பறவைகளை விக்டோரியா அரசியாரும் வளர்த்தார். 1849 இல் பொஸ்ரன் நகரில் நடைபெற்ற கோழிக் கண்காட்சியின் பின், அமெரிக்காவில் அரிய கோழிகளுக்கு நம்பவியலாத விலை கொடுக்கும் மோகம் பரவிற்று. 'கோழிக் காய்ச்சல்' என்றே அது பெயர் பெற்றது. அவ்வணிகத்திலீடுபட்ட ஜோர்ஜ் பேர்ணம் 1855 இல் அதன் வரலாற்றை எள்ளல் சுவையோடு நூலாக்கினார். ஆயினும் கண்காட்சியில் மதிக்கப்பட்டவை இறகும் நிறமும் கொண்டையுமே, முட்டை அன்று.

இதே காலப்பகுதியில் றோட் தீவு மாநிலத்தின் லிற்றில் கொம்ரன் பகுதி உழவர், கப்பல்கள் வழியாகக் கிடைத்த ஆசியச் செஞ்சேவல்களைத் தம் பேடுகளோடு சேர்த்து, குளிரையும் தாங்கி முட்டையிடும் செந்நிறக் கோழியொன்றை உருவாக்கி வந்தனர். றோட் ஐலன்ட் றெட் எனப்படும் அவ்வர்க்கம் 1904 இல் அமெரிக்க நியமப் பட்டியலில் ஏற்கப்பட்டது. 1925 இல் அடம்ஸ்வில் என்னும் ஊரில் அதற்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. 1954 இல் அது அம்மாநிலப் பறவையுமாயிற்று. பிற்காலப் பழுப்புக் கலப்பினங்களின் தந்தைவழி பெரும்பாலும் இதனையே சார்ந்தது.

ஆய்வுகூடம் கண்ட உண்மை

முட்டையை எண்ணிக் கோழியைத் தெரிந்தெடுத்தால் அடுத்த தலைமுறை சிறக்கும் என்பது பழைய நம்பிக்கை. மேய்ன் மாநில விவசாய ஆய்வுநிலையம் 1898 இல் இதனைச் சோதிக்கத் தொடங்கிற்று. கோழி உட்புகுந்ததும் மூடிக்கொள்ளும் பொறிக்கூடுகளால் ஒவ்வொரு பேட்டின் முட்டைக் கணக்கும் தனித்தனியே குறிக்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டு காலம் மிகுதியாக முட்டையிட்ட பேடுகளையே தாய்களாகக் கொண்டும், மந்தையின் சராசரி உயரவில்லை. 1907 இல் அங்கு சேர்ந்த றேமண்ட் பேர்ள் இக்கணக்குகளை ஆராய்ந்து, ஒரு பேட்டின் முட்டைத் தொகை மட்டும் அதன் பரம்பரைத் தரத்துக்கு உரைகல் ஆகாது எனக் காட்டினார். தாயை மாத்திரமன்றி மகள்களையும் சகோதரிகளையும், சேவலின் வழியையும் நோக்கவேண்டும் என்பது இதனாற் புலப்பட்டது. அத்தகைய கணக்கு, நான்கைந்து கோழி வைத்திருக்கும் வீட்டினால் இயலாதது. கோழியினத் தெரிவு முற்றத்தை விட்டு நீங்கிய முதற்படி இதுவெனலாம்.

இரண்டாம் படி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. மெண்டலின் விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்பதை 1902 இல் பேற்சன் கோழிக் கொண்டைகளைக் கொண்டு காட்டினார். அவருடன் உழைத்த கேம்பிரிட்ஜ் அறிஞர் பனற், முதலாம் உலகப்போர்க்காலத் தானியத் தட்டுப்பாட்டின்போது, சேவற்குஞ்சுகளைப் பொரித்தவுடனேயே இனங்கண்டு நீக்கினால் தீவனம் மிஞ்சும் எனக் கருதினார். அதற்கான வழி இலிங்கமிணைந்த தலைமுறையுரிமையிற் கிடைத்தது.

பறவைகளில் சேவலுக்கு ஒரேவகைப் பால்நிறமூர்த்தங்கள் இரண்டு உள. பேட்டுக்கோ அவ்வகையில் ஒன்றேயுண்டு. அவ்வொன்றைப் பேடு தன் ஆண்மக்களுக்கே கொடுக்கும். மகளுக்கு அது தந்தையிடமிருந்தே வரும். ஆகவே, செந்நிறச் சேவலொன்றை, வெண்மைக்குரிய 'வெள்ளி' அலகுடைய லைற் சசெக்ஸ் போன்ற பேட்டுடன் சேர்த்தால், மகள்கள் தந்தையைப்போற் செந்நிறமாகவும், ஆண்குஞ்சுகள் வெளிறிய மஞ்சளாகவும் பிறக்கும். பொரித்த அன்றே கண்ணாற் பார்த்துப் பிரிக்கலாம். தோட்டத்துக்கு ஆறு குஞ்சு வாங்குபவர் ஆறும் பேடாகவே பெற முடிந்தது இதனாலேயே.

ஆனால் இவ்வடையாளம் ஒரு தலைமுறைக்கு மட்டுமே உரியது. இக்கலப்பில் பிறந்தவற்றைத் தம்முட் சேர்த்தால் நிறமும் பாலும் குழம்பிவிடும். இக்குறையை உணர்ந்த பனற்றும் மைக்கல் பீசும், தலைமுறைதோறும் தன் குஞ்சுகளின் பாலைத் தானே காட்டும் தூய வர்க்கங்களை உருவாக்க முயன்றனர். 1929 அளவில் தோன்றிய கேம்பார் அவற்றுள் முதலாவது. பின்னர் லெக்பார் முதலியன வந்தன. வீட்டார் தம் வித்தைத் தாமே வைத்துக்கொள்வதற்கு ஏற்ற அறிவியல் இது. எனினும் வணிகம் இவ்வழியிற் செல்லவில்லை. அறிவியல் ஒரே திசையில்தான் செல்லும் என்பார்க்கு, கைவிடப்பட்ட இவ்வழி தக்கதொரு மறுப்பாகும்.

சோளமும் கோழியும்

வணிகம் சென்ற வழியைச் சோளம் காட்டிற்று. ஹென்றி ஏ. வொலஸ் 1926 இல் அயோவாவில் கலப்பினச் சோள விதை நிறுவனத்தை அமைத்தார். நெருங்கிய உறவினுள் இனம்பெருக்கிய வழிகளைப் பின்னர் ஒன்றோடொன்று கலந்தால், முதற் கலப்பு மிக்க வீரியம் பெறும். அடுத்த தலைமுறையில் அவ்வீரியம் குன்றும். எனவே உழவர் ஆண்டுதோறும் விதை வாங்கவேண்டியவராயினர். இதே முறையை அவருடைய மகன் ஹென்றி பி. வொலஸ் கோழிக்குப் பயன்படுத்த, 1936 இல் ஹைலைன் நிறுவனம் தோன்றிற்று. கனடாவில் டொனால்ட் ஷேவரும் பிரான்சில் ஐசா நிறுவனத்தாரும் அவ்வழியிற் சென்றனர். 1978 அளவில் வெளிவந்த ஐசா பிறவுன் உலகெங்கும் பரவிற்று.

இதனிடையே முற்றத்துக் கோழிக்குப் பிரித்தானியாவில் ஒரு மறுவாழ்வு கிட்டியது. 1941 யூனில் முட்டைப் பங்கீடு தொடங்கியபோது, ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை என்பதே ஏற்பாடு. அதுவும் இருப்பைப் பொறுத்தது. தம் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்தோர் கோழிக்கு உரிய தீவன மாவைப் பெற்றனர். அதனை அவித்த காய்கறித் தோல்களோடும் சமையற் கழிவுகளோடும் பிசைந்து கொடுத்து இலட்சக்கணக்கான வீடுகள் முட்டை பெற்றன. றோட் ஐலன்ட் றெட் சேவலுக்கும் லைற் சசெக்ஸ் பேட்டுக்கும் பிறந்த கலப்பு அக்காலத்தில் பெரிதும் விரும்பப்பட்டது. 1953 மார்ச்சில் பங்கீடு நீங்கியதும் முற்றம் வெறுமையாயிற்று. முட்டை கம்பிக்கூட்டுப் பண்ணைகளுக்குச் சென்றது.

சாதுத்தன்மையின் மூலம்

கலப்பினக் கோழியின் இணக்கம் எங்கிருந்து வந்தது என்பது சிந்திக்கத்தக்கது. அடைகாக்கும் பேடு கைநீட்டுவோரைக் கொத்தும். அடையிருக்கும் நாள்களில் முட்டையுமிடாது. முட்டைக்காக அடையுணர்வு பல தலைமுறைகளாகக் களையப்பட்டபோது, அதனோடிணைந்த சினமும் குறைந்தது. நெருக்கமான கூடுகளில் ஒன்றையொன்று கொத்திக் கொல்லும் இயல்பு பண்ணையாளருக்கு நட்டமாயிற்று. அமெரிக்காவின் பேடியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மூயர், தனிப்பேட்டின் முட்டையை எண்ணாது, கூட்டிலுள்ள உடன்பிறப்புகள் அனைத்தின் முட்டையையும் ஒருங்கே எண்ணித் தெரிவு செய்தால், சில தலைமுறைகளிலேயே சாவு பெரிதும் குறைவதை 1996 இல் காட்டினார். தன்னை மட்டும் வளர்க்கும் கோழியன்றி, அயலை வாழவிடும் கோழியே அம்முறையில் வெற்றிபெற்றது.

இன்னொன்றும் உண்டு. கலப்பினப் பேடு மனிதர் அருகே வந்ததும் சிறகை விரித்துத் தாழ்ந்து குந்துவதை அன்பின் அடையாளமாகக் கொள்வோர் பலர். அது சேவலை ஏற்கும் நிலை. முட்டையிடும் பருவத்தோடு தோன்றுவது. சேவலற்ற தோட்டத்தில் அவ்விடத்தை மனிதர் பெறுகின்றனர். இதனால் அக்கோழியின் இணக்கம் பொய்யென்றாகாது. கையாற் பழகிய கோழி அச்சம் நீங்குவதும் உண்மையே. ஆயினும் நட்பெனக் காணப்படுவதிற் பெரும்பகுதி, கூட்டுக்கும் கணக்குக்கும் ஏற்பச் சமைக்கப்பட்ட இயல்பு என்பதை மறத்தலாகாது.

மீண்டும் முற்றம்

1964 இல் றூத் ஹரிசன் எழுதிய 'விலங்குப் பொறிகள்' என்னும் பொருள்படும் நூல் கூட்டுப் பண்ணைகளின் நிலையை வெளிப்படுத்திற்று. மறுவாண்டு பிறம்பெல் குழுவின் அறிக்கை வந்தது. பழைய வகை வெறுங்கூடுகள் 2012 தொடக்கம் ஐரோப்பிய ஒன்றியத்திற் சட்டப்படி நீக்கப்பட்டன. பண்ணையில் ஏறத்தாழ 72 வாரத்தில் கழிக்கப்படும் பேடுகளை வீடுகளுக்கு வழங்கும் அறநிலையமொன்று 2005 இல் பிரித்தானியாவில் நிறுவப்பட்டது. கூட்டுக்கென உருவான கோழியே அதன் சாதுத்தன்மையால் வீட்டுக்கு உகந்ததாயிற்று என்பது இவ்வரலாற்றின் முரண்.

அதன் உடல் கொடுத்த விலையும் சிறிதன்று. ஒரு முட்டையோட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் வேண்டும். தீவனம் போதாதபோது அது என்பிலிருந்தே எடுக்கப்படுகின்றது. டென்மார்க்கில் ஏறத்தாழ 4,800 பேடுகளைப் பரிசோதித்து 2021 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவற்றுள் நூற்றுக்கு 85 அளவில் மார்பென்பு முறிவு இருந்ததைக் கண்டது. சிறிய உடலிலிருந்து வரும் பெரிய முட்டையும், இளவயதிலேயே முட்டையிடத் தொடங்குதலும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. மறுபுறம், முட்டையிடாத, இறைச்சிக்கும் உதவாத ஆண்குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்பட்டன. ஜேர்மனி 2022 சனவரி முதல் இதனைத் தடைசெய்தது. பால் பிரிக்கும் அறிவு தோட்டத்துக்குப் பேட்டைத் தந்தவாறே, அதன் சகோதரனுக்கு வாழ்வை மறுத்தது.

வித்து யாரிடம்?

இன்றைய கலப்பினக் கோழி பொதுவாக நான்கு தூய வழிகளின் பேத்தி. இரு வழிகள் தந்தையையும் இரு வழிகள் தாயையும் தருகின்றன. அத்தூய வழிகள் வெளியே விற்கப்படுவதில்லை. உலகின் முட்டைக்கோழி வர்க்கங்களிற் பெரும்பங்கு நெதர்லாந்தின் ஹென்றிக்ஸ் நிறுவனத்திடமும், லோமன், ஹைலைன் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கிய ஜேர்மனியக் குழுமமொன்றிடமுமே உளது. முற்றத்துக்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பினங்களும் இதற்குப் புறம்பல்ல. இந்தியாவில் மேய்ந்து வாழத்தக்கதாக உருவாக்கப்பட்ட குரொய்லர், வனராஜா ஆகியன நாட்டுக்கோழியினும் பன்மடங்கு பயன் தருவன. குரொய்லர் 2010 இல் உகண்டாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டது. எனினும் அடுத்த குஞ்சுக்கு வீட்டார் பொரிப்பகத்தையே நாடவேண்டும்.

இதனால் கலப்பினக் கோழியை வெறுத்தொதுக்குதல் நியாயமாகாது. ஆண்டுக்கு ஐம்பது முட்டை தரும் கோழியால் ஒரு குடும்பத்தின் புரதத் தேவை நிறைவேறாது. கலப்பினம் ஏழைக் குழந்தையின் தட்டிலும் முட்டையை வைத்தது. ஆனால் ஒரு வர்க்கத்தைத் தெரிந்தெடுக்கும் உரிமை முற்றத்திலிருந்து ஆய்வுகூடத்துக்கும், அங்கிருந்து நிறுவனத்துக்கும் கைமாறியமையும் அதே அளவுக்கு உண்மை. நோயோ போரோ கப்பற்றடையோ நேர்ந்து பொரிப்பகத்துக்கு வர்க்கக் குஞ்சு வாராதொழியின், இணக்கமான பழுப்புப் பேடு தன் கடைசி முட்டையோடு முடிந்துவிடும். அந்நாளில் வீட்டுக்குக் கோழியைத் தரவல்லது அடைகாக்கும் நாட்டுக்கோழியும், பொதுநிறுவனங்கள் பேணும் தூய வர்க்கங்களுமே. ஆகவே, கலப்பினப் பேடுகளுடன் ஓர் அடைக்கோழியையும் வளவில் வைத்திருத்தலும், நாட்டு வர்க்கங்களைப் பல்கலைக்கழகங்களும் அரச பண்ணைகளும் காத்தலும் பழமைப் பற்றன்று. உணவின்மீது வீட்டுக்கு எஞ்சியுள்ள உரிமையைக் காத்தலேயாகும்.