ஆம்பலும் குவளையும்: கம்பம் பள்ளத்தாக்கின் நீர்ப்பூக்கள் பற்றிய ஓர் ஆய்வு

சங்கச் சான்றோர் நீர்ப்பூக்களைத் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்கள் 99 எண்ணப்பெறுகின்றன. அவற்றுள் ஆம்பல், குவளை, தாமரை, நெய்தல் என்னும் நான்கும் வெவ்வேறிடங்களில் தனித்து நிற்கின்றன. பரிபாடலின் 2ஆம் பாடல் ஊழிக்காலத்தின் பேரெண்களைக் கூறுமிடத்தும் நெய்தல், குவளை, ஆம்பல், கமலம் என்பவற்றை வேறு வேறு எண்களுக்குப் பெயராக அமைக்கின்றது. எண்ணுப்பெயராதற்குரிய சொற்கள் தம்முள் மயங்கிக் கிடந்தால் எண்ணே மயங்கும். ஆதலின், அக்காலத்தார் இந்நான்கனையும் நான்கு பொருளாகவே கண்டனர் என்பது தெளிவு.

பிற்காலத்தே இத்தெளிவு குன்றியது. செய்யுள் இயற்றுவார்க்குச் சொல் உதவும் நோக்கத்தோடு எழுந்த நிகண்டுகள், நீலம், உற்பலம், குவளை, கழுநீர் முதலியவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்தன. அகராதிகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன. இன்றைய மாணாக்கர் ஆம்பலுக்கு அல்லி என்றும், அல்லிக்கு ஆம்பல் என்றும் பொருள் எழுதி அமைகின்றனர். பி. எல். சாமி போன்ற சிலர் தாவர நூலறிவையும் இலக்கிய அறிவையும் ஒருங்கே கொண்டு இத்துறையில் உழைத்துள்ளனர். எனினும், புலவர் குளக்கரைக்குச் செல்லுதலும், தாவர நூலார் ஏட்டைப் புரட்டுதலும் நம்மிடையே இன்றும் அருகியே காணப்படுகின்றன.

இவ்வாராய்ச்சிக்குக் கம்பம் பள்ளத்தாக்கை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. மேற்கே ஏலமலைத் தொடரும், கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரண்செய்ய, இடையே முல்லையாறும் சுருளியாறும் பாய்கின்றன. மலையும் சுனையும் ஆறும் கண்மாயும் நெல்வயலும் சில கல் தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. குறிஞ்சிச் சுனையில் பூப்பதாகப் பல பாடல்கள் கூறும் குவளைக்கும், மருதத்துப் பொய்கை ஆம்பலுக்கும் உரிய நிலங்களை ஒரே நாளில் நடந்து காணலாம். பெரியகுளத்தை அடுத்துத் தாமரைக்குளம் என்றே ஓர் ஊரும் உளது. இந்நிலப்பகுதி பண்டு பாண்டியர் ஆட்சிக்குட்பட்டிருந்தமைக்குச் சின்னமனூரில் கிடைத்த செப்பேடுகள் சான்றாகும்.

இனி, சிக்கல் ஒன்றைக் காண்போம். ஆம்பல் திங்களைக் கண்டு மலர்வது, ஞாயிற்றைக் கண்டு கூம்புவது என்பது இலக்கிய மரபாக நிலைபெற்றுவிட்டது. தாமரை பகற்பூ, ஆம்பல் இரவுப்பூ என்று பள்ளிச் சிறாரும் கூறுவர். ஆனால், ஓரம்போகியார் பாடிய குறுந்தொகை 122ஆம் பாடலோ இதற்கு மாறாக நிற்கின்றது. ஆழ்ந்த நீரிலுள்ள ஆம்பல் கூம்பிவிட்டது, மாலையும் வந்துவிட்டது என்று தலைவி வருந்துகின்றாள். கூம்பிய ஆம்பலுக்கு அங்கே கொக்கின் முதுகு உவமையாகின்றது. மரபுப்படி மாலையில் விரியவேண்டிய பூ, இப்பாட்டில் மாலையில் குவிகின்றது. புலவர் பிழைபடப் பாடினார் எனல் பொருந்தாது. கூம்பிய பூவின் புறவிதழ்கள் மங்கிய நிறத்தோடு மேல் நோக்கிக் குவிந்திருக்கும் தோற்றத்தை அருகிருந்து கண்டவரே கொக்கின் முதுகை உவமை கூற இயலும். அத்துணை நுணுகி நோக்கியவர் பொழுதில் தவறினார் என்பது ஏற்புடைத்தன்று.

விடை தொட்டியில் கிடைக்கின்றது. நம் நாட்டுக் குளங்களில் அல்லி என்று பொதுவாக வழங்கப்படுவன இரண்டு இனங்கள். ஒன்று, தாவர நூலார் நிம்பேயா பியூபெசென்ஸ் என்பது. இதன் இலை விளிம்பு கூரிய பற்களை உடையது; இலையின் அடிப்புறம் மென்மயிர் கொண்டது. பூ வெண்மையாகவோ செம்மை சார்ந்தோ இருக்கும். ஞாயிறு மறைந்தபின் விரிந்து, மறுநாள் முற்பகலில் கூம்பும். மற்றொன்று நிம்பேயா நௌச்சாலி. இதன் இலை விளிம்பில் கூரிய பற்கள் இல்லை. மழமழப்பாகவோ சிறிது அலை அலையாகவோ இருக்கும். இதழ்கள் நுனி கூர்த்தவை. காலையில் விரிந்து, பிற்பகல் கழியுமுன் குவியத் தொடங்கிவிடும். இலங்கை தன் தேசிய மலராகக் கொண்டது இவ்வினத்தின் நீலப் பூவையே. எனினும், இவ்வினத்தில் நீலம் மட்டுமன்றி வெண்ணிறப் பூக்களும் உள. குறுந்தொகையின் ஆம்பல் இவ்வினத்தின் வெண்பூவாயின், மாலையில் அது கூம்புதல் இயல்பே.

இதனால் யாம் துணிவது யாதெனின், சங்க காலத்தார் பெயரிட்டது நிறமும் நிலமும் நோக்கியே அன்றி, மலரும் பொழுதை நோக்கியன்று. வெண்பூ எவ்வினத்ததாயினும் ஆம்பல் எனப்பட்டது; கருநீலப் பூ குவளை எனவும் நெய்தல் எனவும் நிலத்திற்கேற்பப் பிரிந்தது. பகற்பூவுக்கு ஞாயிறும் இரவுப்பூவுக்குத் திங்களும் என்னும் இணைமரபு வலுப்பெற்ற பின்னரே ஆம்பல் முழுதும் இரவுக்குரியதாக்கப்பட்டது. குவளைக்கும் நெய்தலுக்கும் இடைப்பட்ட வேறுபாடு தனியே விரித்து ஆராயத்தக்கதாகலின் ஈண்டு அதனை விடுத்தோம்.

தாமரையைப் பற்றி அதிகம் கூற வேண்டுவதில்லை. அதன் இலை பிளவற்ற வட்டம். நீர்மட்டத்தின் மேலும் உயர்ந்து நிற்கும். ஆம்பலிலையோ காம்பு வரை பிளந்து நீரின்மேல் படிந்து கிடக்கும். தாமரையும் ஆம்பலும் உறவினம் எனப் பன்னாள் கருதப்பட்டன. மரபணு ஆய்வுகள் தாமரையை ஆம்பலினின்று மிக விலக்கி வேறோர் வரிசையில் சேர்த்துள்ளன. இரண்டனையும் எஞ்ஞான்றும் ஒன்றாக எண்ணாத நம் முன்னோர் இச்செய்தியைக் கேட்டு வியந்திரார்.

இப்பூக்களை இனங்கண்டறியத் தோட்டத்துத் தொட்டியே ஏற்ற இடம். கண்மாயில் ஒரு பூ எப்பொழுது விரிந்தது, எப்பொழுது குவிந்தது என்று இரவும் பகலும் நின்று காண்பது அரிது. 2 அடி ஆழமும் 4 அடி அகலமும் உள்ள தொட்டி போதும். அடியில் கண்மாய் வண்டலும் களிமண்ணும் பரப்பி, கிழங்கை நட்டு, மண் கலங்காதவாறு மேலே மணல் இடுதல் வேண்டும். முதலில் சாண் அளவே நீர் விட்டு, இலை எழ எழ உயர்த்தலாம். நீர் அலையாதிருத்தலும் நாளொன்றுக்கு 6 மணி நேர வெயிலும் இன்றியமையாதன. நிழலில் இலை தழைக்குமேயன்றிப் பூ வாராது. கொசு பெருகாதிருக்கக் குளத்துச் சிறுமீன் சில விடலாம். தாமரையை விதையால் வளர்ப்போர் அதன் வன்தோலை அரத்தால் சிறிது தேய்த்து நீரிலிட்டால் சின்னாளில் முளைக்கும். அத்தோலின் வன்மை வியத்தற்குரியது. வடகிழக்குச் சீனத்தில் வறண்ட ஏரிப்படுகையிலிருந்து எடுத்த, ஏறத்தாழ 1,300 ஆண்டு பழமையுடைய தாமரை விதை முளைத்ததாக 1995இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆம்பற்பூ மூன்று நான்கு நாள் விரிந்து குவிந்தபின் நீருள் மூழ்கிக் காய்க்கும். அதன் விதையே, கணவனை இழந்த பெண்டிர்க்கு உணவாயிற்று என்று புறநானூறு 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் பாடிய அல்லியரிசி.

நீர்ப்பூக்களைத் தொட்டியில் நடுதல் புதுமையன்று. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியன் பெயரிலுள்ள இலவந்திகை, வாவி சூழ்ந்த சோலை என்று உரையாளர் விளக்குவர். இது மன்னர் செல்வம் மட்டுமன்று. பல்லவர் செப்பேடுகள் பிரமதேயமாக விட்ட ஊர்களுக்கு விலக்கிய இறைகளுள் குவளை நடுதற்குரிய வரியும் குவளைக் காணமும் இடம்பெறுகின்றன. செண்பகம், மருவு, தமனகம், இருவேலி ஆகியவற்றோடு செங்கழுநீரையும் நட்டுக்கொள்ளும் உரிமையைச் சோழர் காலத்துச் செப்பேடுகள் வழங்குகின்றன. தானே முளைத்துக் கிடக்கும் களைக்கு எவரும் வரி விதியார், உரிமையும் வழங்கார். குவளையும் கழுநீரும் நெல்லைப்போல் நட்டுப் பயன்கொண்ட பயிர்கள் என்பதே இதன் பொருள். திருவாரூரில் கோயிலும் குளமும் செங்கழுநீர் ஓடையும் ஐந்தைந்து வேலி என்னும் ஊர்வழக்கை ஈண்டு நினைக்கலாம். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகும். முப்பது ஏக்கருக்கு மேற்பட்ட ஓடையில் பூ வளர்த்தவர், எது கழுநீர், எது குவளை என்று அறியாதிருந்திரார். நடுவோர் மறைந்தமையாலேயே பெயர்கள் மயங்கின என்று கூறல் மிகையாகாது.

வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் நீங்க, கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் அக்குளத்தோடே ஒட்டிக்கிடத்தலை ஔவையார் மூதுரையில் உறவினர்க்கு உவமையாக்கினார். நீதி கூறவந்த அச்செய்யுள் செடியியல்பையும் பிழையாது கூறுகின்றது. மூன்றும் சேற்றினுள் கிழங்கை வைத்துக் கோடையைக் கழித்து, நீர் வந்ததும் தளிர்ப்பவை. கொட்டிக்கிழங்கைத் தோண்டி உண்ணும் வழக்கமும் உண்டு.

இக்கிழங்குச் செடிகளுக்கு இன்று நேர்ந்துள்ள இடர் வேறொரு நீர்ச்செடியால் வந்தது. அமேசான் ஆற்றுப் பகுதிக்குரிய அச்செடி, ஊதாப் பூவின் அழகுக்காகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் தோட்டக்குளங்களுக்குக் கொணரப்பட்டது. வங்காளத்தில் அது பெருகி, 1936இல் அதனை ஒழிக்கச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. நம் மக்கள் அதனை வெங்காயத்தாமரை என்றும் ஆகாயத்தாமரை என்றும் அழைக்கின்றனர். இதில் ஒரு பெயர்க்கேடும் நிகழ்ந்துள்ளது. ஆகாயத்தாமரை என்பது சித்த மருத்துவத்தில் பயிலும் வேறொரு மிதவைச் செடியின் பெயர்; அது வெளிர்பச்சை இலைகளை ரோசாப்பூப்போல் அடுக்கியிருக்கும்; அதன் பூ கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வந்தேறிய செடி இடத்தையும் கவர்ந்தது, பெயரையும் கவர்ந்தது. இதன் குடும்பத்தைச் சேர்ந்த நம் நாட்டுச் செடியாகிய கருங்குவளை நெல்வயலின் ஓரத்தில் நீலப்பூவோடு நிற்பதை இன்று கவனிப்பார் இலர். அது களையென்று பறித்தெறியப்படுகின்றது.

1895இல் பெரியாற்று அணையின் நீர் திறக்கப்பட்டபின் இப்பள்ளத்தாக்கு வறட்சி நீங்கியது. இங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீரால். அந்நன்மையை எவரும் மறுக்கார். ஆயினும், ஆற்றுநீர் நெடுநாள் நிற்கும் கண்மாய்களில், சாக்கடைக் கழிவும் உரக்கழிவும் சேருமிடத்து, வேர் ஊன்ற மண்ணே வேண்டாத மிதவைச்செடி நீர்ப்பரப்பை மூடிவிடுகின்றது. கீழே ஒளி புகாமையால் ஆம்பலின் இளந்தளிர் மேலெழாமல் அழுகும். அதனை அகற்றப் பொறிகளைக் கொண்டு தூர்வாரும்போது, வண்டலோடு ஆம்பற்கிழங்கும் கொட்டிக்கிழங்கும் வாரப்பட்டுக் கரைக்கு அப்பால் கொட்டப்படுகின்றன. களையும் பயிரும் ஒரே குவியலாகின்றன.

எனவே, தூர்வாரும் பருவத்திற்கு முன்னரே கண்மாய்தோறும் சென்று கிழங்குகளைத் தேடி எடுத்துத் தொட்டிகளில் இடுதலைத் தமிழ்த்துறையும் தாவரவியல் துறையும் சேர்ந்து மேற்கொள்ளலாம். ஒவ்வொன்றற்கும் எடுத்த கண்மாயின் பெயர், உள்ளூரார் வழங்கும் பெயர், இலை விளிம்பின் இயல்பு, பூவின் நிறம், விரியும் பொழுது, கூம்பும் பொழுது ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். வெண்பூவும் பற்களற்ற இலையும் உடைய ஆம்பல் எக்கண்மாயில் கிடைப்பினும், மாலையில் அதன் அருகிருந்து, கூம்பிய பூவின் புறத்தைக் கொக்கின் முதுகோடு ஒப்பிட்டு நோக்குதல் முதற்பணியாகும்.