"உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே!" - ராணுவத்திலிருந்து சிவில் வேலைக்கு வர்றவங்க சம்பளம் பேசுவது எப்படி?

ராணுவத்துல சம்பளம் பேசுற வேலையே கிடையாது. ரேங்க்கும் சர்வீஸும் தொகையை முடிவு பண்ணிடும். 15, 17 வருஷம் அப்படியே பழகிட்டு அனகாபுத்தூருக்குத் திரும்பி வர்றவரை, "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்ற ஒரு கேள்வி திணறடிச்சிடும். கூச்சத்துல குறைச்சுச் சொல்ற தொகை, அடுத்த இன்க்ரிமென்ட் வரைக்கும் கூடவே வரும்.

பென்ஷனைக் கணக்குல சேர்க்காதீங்க

பென்ஷன், ஏற்கெனவே பார்த்து முடிச்ச வேலைக்கானது. தனியார் வேலையில் சேர்ந்தாலும் அது குறையாது. ஹெச்.ஆர் அதைக் காட்டிச் சம்பளத்தைக் குறைச்சா, "அது பழைய சர்வீஸுக்கு சார், இந்தப் பொறுப்புக்கு என்னன்னு பேசலாமே" என்று பணிவாகச் சொல்லுங்க.

சி.டி.சி வேற, கைக்கு வர்றது வேற

வருஷத்துக்கு 6 லட்சம் சி.டி.சி என்றால், மாசம் 50,000 ரூபாய் கைக்கு வராது. கம்பெனி கட்டும் பி.எஃப் பங்கு, கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கலாம். உங்க பங்கு பி.எஃப் 12% தனியாகப் பிடிப்பாங்க. அதனால "டேக் ஹோம் எவ்வளவு?" என்று நேரடியாகக் கேளுங்க.

இலவசமா கிடைச்சதுக்கு விலை போடுங்க

ரேஷன், குவார்ட்டர்ஸ், வருஷத்துக்கு 60 நாள் லீவு... இதெல்லாம் இனி இல்லை. ஒரகடத்துல ஷிஃப்ட் வேலைன்னா, கம்பெனி பஸ் அனகாபுத்தூர் பக்கம் வருமா, நைட் ஷிஃப்ட் அலவன்ஸ் உண்டா, லீவு எத்தனை நாள்னு கேட்ட பிறகு தொகையைச் சொல்லுங்க.

மெடிக்கலை விட்டுக்கொடுக்காதீங்க

இ.சி.எச்.எஸ் இருந்தாலும் கம்பெனி இன்ஷூரன்ஸை வேண்டாம்னு சொல்லாதீங்க. சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா இ.எஸ்.ஐ வருமான்னு விசாரிங்க. 4 வருஷத்துல வெளியே வரும் அக்னிவீரர்களுக்குப் பென்ஷனும் இல்லை, இ.சி.எச்.எஸ்ஸும் இல்லை. சேவா நிதியாக வரும் சுமார் 11.71 லட்சம் மட்டும்தான். அவங்களுக்கு பி.எஃப்பும் இன்ஷூரன்ஸும் ரொம்ப முக்கியம்.

ரேங்க்கை அவங்க பாஷைல சொல்லுங்க

"ஹவில்தார்" என்றால் ஹெச்.ஆருக்குப் புரியாது. "பத்துப் பேர் டீமை நடத்தினேன், ஸ்டோர் கணக்கு, வண்டிப் பராமரிப்பு பார்த்தேன்" என்று நீங்க செஞ்ச வேலையைச் சொன்னால் சூப்பர்வைசர் சம்பளம் கேட்க முடியும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வேலைக்குப் பதிவு செஞ்சு வைங்க. டெக்ஸ்கோ செக்யூரிட்டி வேலைக்கு இப்போ என்ன சம்பளம்னு அங்கேயே விசாரிச்சா, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தொகை கையில் இருக்கும். கடைசியா ஒண்ணு... வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. எல்லாம் ஆஃபர் லெட்டர்ல இருக்கான்னு பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க!