ஐந்து ஊர்களும் ஒரு வினாப்பட்டியலும்

1916ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்ற மாணவர்க்கு அவர்தம் பேராசிரியர் புதியதொரு பணியைத் தந்தார். நூலகத்திற்குச் சென்று குறிப்பெடுக்கும் பணியன்று அது. தாம் அறிந்த சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, அங்குள்ள வீடுகளையும் நிலங்களையும் மாடுகளையும் கடன்களையும் கணக்கெடுத்து வருமாறு அவர் பணித்தார். எவற்றையெல்லாம் கேட்க வேண்டும் என்பதற்கு ஒரு வினாப்பட்டியலும் வகுத்துக் கொடுத்தார். அவர் பெயர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

ஸ்லேட்டர் ஆங்கிலேயர். தொழிலாளர் கல்விக்கென ஆக்ஸ்போர்டில் தோன்றிய ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப்பொது வயல்கள் வேலியிடப்பட்டுச் சிற்றுழவர் நிலமிழந்த வரலாற்றை ஆராய்ந்து 1907இல் நூல் எழுதியவர். 1915இல் சென்னையில் இந்தியப் பொருளியலின் முதற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மேலை நாட்டுச் சந்தையையும் ஆலையையும் கண்டு எழுதப்பட்ட கோட்பாடுகளை இந்திய மாணவர் நெட்டுருச் செய்வதில் பயனில்லை என்று அவர் கருதினார். இந்தியாவின் பொருளியல் அதன் சிற்றூரில் தொடங்க வேண்டும் என்பது அவர் துணிபு. ஏறத்தாழ இதே காலத்தில் புனேவை அடுத்த ஒரு சிற்றூரை ஹெரால்டு மான் என்பாரும் ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

மாணவர் திரட்டிய செய்திகள் 1918இல் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. அவற்றுள் தமிழகத்தைச் சேர்ந்த ஐந்து ஊர்கள் பின்னர் ஆய்வுலகில் பெரும்பெயர் பெற்றன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சாவூர் மாவட்டத்துப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம் என்பன அவை. இவ்வூர்கள் பெயர் பெற்றமைக்குக் காரணம் முதல் ஆய்வு மட்டுமன்று; ஆய்வாளர் மீண்டும் மீண்டும் அங்கே திரும்பிச் சென்றதே ஆகும். ஓர் ஊரை ஒருமுறை பார்த்தவன் அதன் நிலையை அறிவான். இருபது ஆண்டு கழித்து அதே வினாக்களோடு செல்பவனுக்கே அதன் போக்குப் புலப்படும்.

முதல் ஆய்வில் இருவேல்பட்டைப் பற்றிய பகுதி மனத்தை உறுத்துவது. அங்கே படியாள் என்றழைக்கப்பட்ட வேலையாட்கள் இருந்தனர். கூலியை நெல்லாகப் படியளந்து பெற்றதால் வந்த பெயர் அது. திருமணம் போன்ற செலவிற்காக நிலக்கிழாரிடம் ஒரு சிறு தொகையைக் கடனாக வாங்குவான். அன்றுமுதல் அவன் அவருடைய ஆள். பெற்ற நெல் வயிற்றுக்கே போதாத நிலையில் கடன் அடைவதேது? தந்தை பட்ட கடன் மகன் தலையில் ஏறியது. சட்டப் புத்தகத்தில் அடிமைமுறை ஒழிந்து பல்லாண்டுகள் கடந்த பின்னரும் இந்நிலை நீடித்தது. இதனை அட்டவணையில் ஏற்றியது அவ்வாய்வின் பெருமை.

எனினும், கேட்டவர் யார், விடை சொன்னவர் யார் என்று வினவாமல் இருத்தல் இயலாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பதிவுபெற்ற பட்டதாரிகள் 650 பேரில் 452 பேர் பிராமணர் என்று அதே 1916இன் இறுதியில் வெளியான பிராமணரல்லாதார் அறிக்கை சுட்டியது. பல்கலைக்கழகம் வரை வந்த மாணவர் சேரிக்குள் சென்று எவ்வளவு நேரம் அமர்ந்திருப்பர்? படியாளின் கடனைப் படியாளிடம் கேட்டறிந்தனரா, கணக்குப்பிள்ளையிடம் கேட்டறிந்தனரா? ஆய்வைப் பயிலும் மாணவர் ஒவ்வோர் அட்டவணையின் முன்னும் நின்று எழுப்ப வேண்டிய ஐயம் இது.

கணக்கிற்குள் வராதவர் வேறு சிலரும் உண்டு. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணியுடன் கப்பலேறியவர்களில் மிகப் பலர் இத்தகைய சிற்றூர்களின் நிலமற்ற குடிகளே. கங்காணி கொடுத்த முன்பணம் ஊர்க்கடனை அடைத்தது. பிறகு அதுவே தோட்டத்தில் புதுக் கடனாக நின்றது. ஊரில் இருப்போரை எண்ணும் பட்டியலில், ஊரைவிட்டு ஓடியவனுக்கு ஏது இடம்? தொழிலாளர் பெயர்வை 1938இல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை அவ்வோட்டம் தொடர்ந்தது.

இரண்டாம் ஆய்வைப் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் 1936-37இல் நடத்தினர். நூல் 1940இல் வெளிவந்தது. இடையே உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலையை ஏறத்தாழப் பாதியாக வீழ்த்தியிருந்தது. மூன்றாம் ஆய்வு 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கிலப் பெண்மணியாரால் நிகழ்ந்தது. அவர் முன்னரே ஆப்பிரிக்கக் காம்பியா நாட்டின் சிற்றூரொன்றை ஆராய்ந்தவர்.

அதன்பின் இருபது ஆண்டுகள் இடைவெளி. இவ்விடைவெளியிலேதான் ஊர்ப்புறத் தமிழகம் மிகுதியாக மாறிற்று. மின்னிறைப்பான்கள் வந்தன, ஐ.ஆர்.8 முதலான குறுகியகால நெல்வகைகள் வந்தன. பாலக்குறிச்சி அமைந்த கீழைத் தஞ்சையிலோ பண்ணையாட்களுக்கும் நிலவுடைமையாளர்க்கும் இடையே நெடும் போராட்டம் நடந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பிறந்தும் கூலிப் பூசல் தணியவில்லை. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையில் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்டிரும் பிள்ளைகளும் ஆவர். 1961க்கும் 1980களுக்கும் இடையே நிகழ்ந்த இக்கொடுமையை எந்த வினாப்பட்டியலும் கேட்டிராது. படிக்கணக்கில் கூலி உயர்ந்தது என்று மட்டும் ஓர் அட்டவணை கூறுமாயின், அவ்வுயர்வு எவ்வாறு வந்தது என்பதை ஆய்வாளன் வேறெங்கேனும் தேட வேண்டும்.

மீண்டும் அவ்வூர்களுக்குச் செல்லும் பணியை மேற்கொண்டது சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநராக விளங்கி ஓய்வுபெற்ற மால்கம் ஆதிசேசையா 1971இல் அதனை அடையாற்றில் நிறுவினார். உலக அமைப்பில் உயர்பதவி வகித்தவர் சொந்த மண்ணுக்குத் திரும்பி ஓர் ஆராய்ச்சி இல்லத்தை எழுப்பியது எளிய செயலன்று. 1977இல் அது மாநில அரசும் இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் துணைநிற்கும் நிறுவனமாயிற்று. ஆட்சிப் பணியிலிருந்து ஆய்வுக்கு வந்த எஸ். குகனும், அமெரிக்க மானிடவியலார் ஜோன் மென்சரும் 1981இல் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தனர். ஏனைய ஊர்களின் மறு ஆய்வுகளும் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவனத்தின் வெளியீடுகளாக வந்தன.

மென்சரைப் பற்றி ஒரு சொல் தனியே கூற வேண்டும். வயலில் நாற்று நடும் பெண்ணின் உழைப்பைப் பழைய கணக்குகள் பெரிதும் புறக்கணித்தன. மென்சரும் சாரதாமணியும் 1982இல் வெளியிட்ட ஆய்வு, நெல் விளையும் பகுதிகளில் கூலிப்பெண்கள் தம் வருவாயில் ஏறத்தாழ முழுவதையும் குடும்பத்திற்கே செலவிட்டனர் என்றும், ஆடவர் ஒரு பகுதியைத் தமக்கென வைத்துக்கொண்டனர் என்றும் காட்டியது. 'குடும்ப வருமானம்' என்னும் ஒற்றை எண்ணுக்குள் மறைந்திருந்த செய்தி இது. கேள்வி மாறியதும் விடையும் மாறிற்று.

இருவேல்பட்டிற்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் சென்றனர். முதல் கணக்கெடுப்பிலிருந்து 92 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊரின் வாழ்வில் வேளாண்மை பழைய தலைமையிடத்தை இழந்திருந்தது. ஆடவரும் பெண்டிரும் வயலுக்கு வெளியே பிழைப்பைத் தேடிக்கொண்டிருந்தனர். அரசின் குறைந்தவிலை அரிசியும் பிற உதவிகளும் ஏழைகளின் அடுப்பிற்கு வந்தடைந்தன. நிலக்கிழாரின் கையை நோக்கி நிற்கவேண்டிய கட்டாயம் பெரிதும் தளர்ந்திருந்தது. ஸ்லேட்டரின் மாணவர் குறித்த படியாள்முறை மறைந்துவிட்டது. நிலமில்லாத குடும்பங்களோ அவ்வூரில் அன்றும் பலவாக இருந்தன.