வேலிமேல் ஒன்று, வெறுந்தரையில் ஒன்று

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளுக்கு வெயில் ஏறுமுன் போனால், இரண்டு வானம்பாடிகளை ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஒன்று சாம்பல்தலை வானம்பாடி. மற்றது ஜெர்டன் புதர்வானம்பாடி. மேற்கு மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்த மேய்ச்சல் நிலத்தைத்தான் கொங்கின் பாலை எனலாம். பாலை சாம்பல்தலையின் குடும்பத்துக்குப் புதிதல்ல; அதன் உறவுக்காரப் பறவைகள் ஆப்பிரிக்க, அரேபியப் பாலைகளில் இருக்கின்றன.

சாம்பல்தலையில் சேவலை அடையாளம் காண்பது சுலபம். சிட்டுக்குருவியைவிடச் சிறியது, உச்சி சாம்பல், அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. வம்பு பெட்டையிடம்தான். அது மண்நிறம், புதர்வானம்பாடியும் பழுப்பு. கையேட்டுப் படத்தில் பளிச்சென்று பிரிந்து நிற்கும் நிறமெல்லாம் கானலில் ஒன்றாகிவிடும். நிறத்தை விடுங்கள், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

சாம்பல்தலைக்குத் தரைதான் எல்லாம். உழுதுபோட்ட காடு, வற்றிய குளம் போதும். மரத்திலோ கம்பியிலோ ஏறுவது அபூர்வம். ஆள் நெருங்கினால் மண்ணோடு பதுங்கிக்கொள்ளும். சிறு குழியில் புல் பரப்பி, ஓரத்தில் பொடிக்கற்களை வைத்து முட்டையிடும். புதர்வானம்பாடியும் தரையில்தான் கூடு கட்டுகிறது. ஆனால் பாடுவதற்குக் கிளுவை வேலியின் உச்சி, வெள்வேலங்கிளை, மின்கம்பி என்று மேடை தேடும். குட்டை வால், நெஞ்சில் அழுத்தமான புள்ளிகள், பறக்கையில் இறக்கையில் தெரியும் செம்பழுப்பு எல்லாம் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

இனப்பெருக்கக் காலத்தில் இந்தச் சிரமமும் இல்லை. சாம்பல்தலைச் சேவல் படபடவென மேலேறி, இறக்கையை மடக்கித் தலைகுப்புற விழும். விழும்போதே நீளமாக ஒரு சீழ்க்கை. தரைக்குக் கொஞ்சம் மேலே சட்டென நிமிர்ந்து மறுபடி ஏறும். புதர்வானம்பாடிக்கு அந்தச் சாகசமெல்லாம் கிடையாது. கொஞ்சதூரம் எழும்பி, இறக்கையை உயர்த்திப் பிடித்து, கால்களைத் தொங்கவிட்டு, பாராசூட்போல மெல்ல இறங்கும். வானம்பாடி என்றதும் கோவைக்காரர்களுக்கு அந்தப் பெயரில் இயங்கிய 1970-களின் கவிஞர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பெயருக்கு இவற்றில் பொருத்தமானது சாம்பல்தலைதான் என்பது என் கட்சி.

கொரங்காட்டை மனைபோட்டு, கிளுவையை வெட்டி, தரையைச் சமப்படுத்தினால் வெறுமண்ணில் சாம்பல்தலை கொஞ்சகாலம் ஒப்பேற்றிவிடும். புல்லும் புதரும் வேண்டிய மற்றதுதான் முதலில் இடம்பெயர வேண்டியிருக்கும்.