உறை மாறிய தட்டுகள்

பழைய இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்ராயம் இருந்ததில்லை. தட்டைக் கேட்பதைவிட லேபிளின் நிறத்தையும், பாட்டு முடிந்தபின் வரும் வெற்று வளையத்தில் கீறியிருக்கும் எண்ணையும் ஆராய்வதில்தான் அவர்களுக்கு ஆனந்தம். பிரிக்காத உறையோடு தட்டை அலமாரியில் பூட்டி வைத்திருப்பவனுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்? என்றாலும் ஒரு தொகுப்பின் விஷயத்தில் நியாயம் அவர்கள் பக்கம்தான். மோசஸ் ஆஷின் ஃபோக்வேஸ் நிறுவனம் 1952இல் நியூயார்க்கில் வெளியிட்ட 'அமெரிக்க நாட்டார் இசைத் தொகுப்பு' அது. தொகுத்தவர் ஹாரி ஸ்மித். ஓவியர், பரிசோதனைத் திரைப்படங்கள் எடுத்தவர், ரசவாதத்திலும் மாந்திரீகத்திலும் ஊறியவர். அப்போது வயது முப்பதை எட்டவில்லை.

ஸ்மித் சேர்த்து வைத்திருந்தவை வினைல் அல்ல. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டுகள். (அரக்கு நம் நாட்டுச் சரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பூச்சி சுரந்ததுதான் கப்பலேறி அங்கே பாட்டாயிற்று.) 1942இல் யுத்தத்தை முன்னிட்டு அமெரிக்க அரசு தட்டுத் தொழிலுக்கான அரக்கை 70 சதவீதம் குறைத்துவிட்டது. புதிய தட்டு வார்க்கப் பழைய தட்டுகளை நொறுக்கினார்கள். நொறுங்கப் போனவற்றிலிருந்து பொறுக்கியவர்களில் ஸ்மித்தும் ஒருவர். பிறகு பணமுடை வந்து ஆஷிடம் விற்கப் போனார். ஆஷ் தொகுத்துத் தரச் சொன்னார். 84 பாட்டுகள், ஆறு நெடுந்தட்டுகள், மூன்று கட்டுகள். மின்முறைப் பதிவு பரவிவிட்ட 1927க்கும், பொருளாதார மந்தம் இந்த வியாபாரத்தை நிறுத்திய 1932க்கும் இடைப்பட்டவை. பெரிய நிறுவனங்களிடம் பெரும்பாலும் அனுமதி கேட்கவில்லை.

மூல நிறுவனங்கள் தட்டுகளைத் தோலின் நிறப்படி பிரித்திருந்தன. ஓகே நிறுவனத்தில் 8000 வரிசை கறுப்பர்களுடையது, 45000 வெள்ளையர்களுடையது. கொலம்பியாவில் முறையே 14000, 15000. எண்ணைப் படிக்கத் தெரிந்தவனுக்குப் பாடியவன் யாரென்று தெரிந்துவிடும். ஸ்மித் எண்களை அச்சிட்டார். தோலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் கலந்து 1 முதல் 84 வரை தானே புதிதாக எண் கொடுத்தார். 1928இல் 8000 வரிசையில் பாடிய மிஸிஸிப்பி ஜான் ஹர்ட்டை வெள்ளைக்கார மலைநாட்டான் என்று பலர் வருஷக்கணக்கில் நம்பினார்கள். அதை ஸ்மித் பிற்பாடு சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார்.

1952இல் வந்த முதல் தட்டுகளின் எண்கள் எஃப்.பி. 251, 252, 253. உறையில் ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்று. வானத்திலிருந்து நீளும் கை அதைச் சுருதி கூட்டுகிறது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில ஞானி ராபர்ட் ஃப்ளட்டின் நூலில் இருந்த படம். சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று கட்டுக்கும் மூன்று நிறம்: நெருப்பு, காற்று, நீர். (நிலம் பாக்கி நின்றது, ஸ்மித் 1991இல் இறந்தபின், 2000இல் வேறொரு நிறுவனம் அதை வெளியிட்டது.) 1960களில் மறு அச்சில் எண் மாறியது, உறையும் மாறியது. இர்வின் சில்பர் அந்தக் கையை எடுத்துவிட்டு, பென் ஷான் எடுத்த ஏழை விவசாயி ஒருவனின் புகைப்படத்தைப் போட்டார்.

உள்ளே 84 பாட்டும் அப்படியேதான் இருந்தன. ஷான் சாமான்யர் அல்ல. படமும் நல்ல படம்தான். ஆனால் தட்டை எடுக்கும்போதே, யாரைக் கேட்கப்போகிறோம், எந்த மனோபாவத்தில் கேட்க வேண்டும் என்பது தீர்மானமாகிவிடுகிறது. கலை சமூக ஆவணமாகிறது, கேட்பவன் இரக்கப்படுபவனாகிறான். வாஸ்தவத்தில் இத்தொகுப்பில் பாடிய பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்ட் ஒரு வக்கீல். அங்கிள் டேவ் மேக்கன் கோவேறு கழுதை வண்டிகளில் சரக்கு ஏற்றும் தொழில் நடத்தி, பிறகு மேடை நட்சத்திரமானவர். டாக் பாக்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. இவர்களை ஒரே முகத்துக்குள் அடைத்தது சில்பரின் நல்லெண்ணம். நல்லெண்ணம் கலைக்குச் செய்யும் கெடுதல் அவ்வளவு லேசில் கண்ணுக்குப் படுவதில்லை.

சேகரிப்பாளர்கள் எஃப்.பி. 251ஐத் தேடி அலைந்தது என்ன காரணத்துக்காகவோ. பழைய உறை மறக்கப்படாமல் இருந்ததற்கு அவர்களுடைய பிடிவாதமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1997இல் ஸ்மித்ஸோனியன் குறுந்தட்டுகளாக மறுபதிப்புச் செய்தபோது அந்தக் கை திரும்பி வந்தது.

ஆனால் ஸ்மித்தின் முதல் அச்சும் மூலம் அல்ல. அரக்குத் தட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. அவர் எடுத்தது ஒரு பக்கம். 2020இல் டஸ்ட் டு டிஜிட்டல் நிறுவனம் தட்டுகளைத் திருப்பிப் போட்டு, மறுபக்கங்களை ஒரு பெட்டியாக வெளியிட்டது. இனவெறிச் சொற்கள் இருந்ததால் மூன்று பாட்டுகளை விட்டுவிட்டார்கள். அவற்றில் ஒன்று அங்கிள் டேவ் மேக்கனுடையது.