கொக்கிப்புழு சொல்லித்தரும் ஒரு தொழில்

உயர்தரத்தில் உயிரியல் படித்து, மருத்துவ பீடம் கிடைக்காமல் சோர்ந்திருக்கும் நம் பதுளைப் பிள்ளைகளுக்காக இந்த வரலாறு.

1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தொழிலாளரின் மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்து மருந்து கொடுத்தார்கள். ஆனால் மலசலகூடம் இல்லாத லயங்களில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் தொற்றியது. ஒருவரை ஆய்வில் சேர்க்குமுன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்ற சர்வதேச நெறி அன்று இல்லை. 1947இன் நியூரம்பேர்க் கோவையும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனமும்தான் அதை நிலைநிறுத்தின.

1999இல் அதே புழுவைப் பற்றி இன்னொரு ஆய்வு வந்தது. கர்ப்பிணிகளுக்கு மெபெண்டசோல் கொடுக்கலாமா என்று பேராசிரியர் நிலந்தி டி சில்வாவின் குழு இலங்கையில் சுமார் 7,000 தாய்மாரின் தகவல்களை ஆராய்ந்தது. பிள்ளைகளிடம் பிறவிக் குறைபாடு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை என்று கண்டது.

மருத்துவ ஆய்வுகளுக்கு வைத்தியர் மட்டும் போதாது. சம்மதம் பெறுவது, நோயாளி வரவேண்டிய நாட்களைக் கவனிப்பது, பக்கவிளைவை உடனே அறிவிப்பது, பதிவுகளைச் சரிபார்ப்பது எல்லாம் ஆய்வு இணைப்பாளரின் பொறுப்பு. தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், உயிரியல் போன்ற பட்டம் ஒன்றோடு ‘ஜீசீபி’ எனப்படும் நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சியும் வேண்டும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய ஆய்வுப் பதிவகத்தைப் பார்த்தால், இங்கு என்னென்ன ஆய்வுகள் நடக்கின்றன என்று தெரியும்.

தோட்டத்துத் தாய் ஒருவர் கையெழுத்து வைக்குமுன் தன் மொழியில் கேள்வி கேட்கவும், விருப்பமில்லை என்று சொல்லவும் முடிய வேண்டும். தமிழும் சிங்களமும் தெரிந்த நம் பிள்ளைகள் அவர் முன்னால் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.